குதிரை லாயமும் வானப்பிரஸ்தமும்

நெடுநாள் நெஞ்சில் வளர்த்துவந்த ஆசையொன்று கைகூடிவிட்டால், அதற்கு மறுநாட் காலையில் மனிதன் என்ன செய்கிறான் என்ற கேள்வி என்னைப் பல வருஷங்களாகத் தொடர்ந்து வந்திருக்கிறது. ஆசை எப்படிப் பிறக்கிறது, எப்படிக் கிளைக்கிறது, தடைப்படும்போது எவ்வாறு கோபமாகவும் மயக்கமாகவும் மாறுகிறது என்பதையெல்லாம் கீதை முதலான நூல்கள் நுட்பமாக விசாரித்திருக்கின்றன. ஆசையை வேரோடு அறுத்தவர்களின் பெருமையையும் நம் பெரியோர் வாய் ஓயாமல் பாடியிருக்கிறார்கள். ஆனால், ஆசைப்பட்டது கிடைத்து, கிடைத்ததை நாள்தோறும் கையால் தொட்டுக் கழுவித் தீனியிட்டுக் காப்பாற்றிக்கொண்டு வாழவேண்டிய நிலையில் இருப்பவனைப் பற்றி, அதாவது நம்மில் பெரும்பாலோரைப் பற்றி, அவர்கள் சொன்னது குறைவு. சொன்ன இடங்களிலும் எச்சரிக்கையே மிகுதி. அந்த எச்சரிக்கையின் உட்பொருள் யாது என்பதை, அயல்நாட்டுத் தம்பதிகள் இருவருடைய வாழ்க்கையைத் துணையாகக் கொண்டு, நிதானமாக யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ ஹாம்ப்ஷயர் என்றொரு மாநிலம் இருக்கிறது. காடும் பாறையும் நீண்ட பனிக்காலமும் கொண்ட பிரதேசம் அது. அங்கே கியர்சார்ஜ் மலையை அடுத்துள்ள வார்னர் என்னும் சிற்றூரில், கைவிடப்பட்டுப் புதர் மண்டிக் கிடந்த பழைய பண்ணையொன்றை, பாஸ்டனின் புறநகராகிய நியூட்டனில் வசித்துவந்த மாக்ஸீன் கியூமின் என்ற கவிஞரும் அவருடைய கணவர் விக்டரும் 1963-ஆம் ஆண்டு விலைக்கு வாங்கினார்கள். விக்டர் பொறியியல் துறையைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, அணுகுண்டு உருவாகிக்கொண்டிருந்த லாஸ் அலமாஸில் படைவீரராக இருந்து பணியாற்றியவர். போர்க்காலத்துக் காதல் 1946-இல் திருமணத்தில் முடிந்தது. மாக்ஸீன் 1925-இல் பிலடெல்பியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் அடகுக்கடை நடத்தியவர். இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அதனிடம் திரும்பி வரவேண்டியிருக்கும்.

வாங்கிய உடனே அவர்கள் அங்கே குடியேறிவிடவில்லை. மூன்று குழந்தைகளை வளர்த்து ஆளாக்க வேண்டியிருந்தது, உத்தியோகம் இருந்தது, நகரம் அவ்வளவு எளிதில் யாரையும் விட்டுவிடுவதில்லை. விடுமுறை நாட்களில் போய்ப் புதரை வெட்டுவதும், வேலி போடுவதும், மனமில்லாமல் திரும்பி வருவதுமாகப் பதின்மூன்று வருஷங்கள் கழிந்தன. அந்த நாட்டுப்புறத்தை முன்வைத்து எழுதிய கவிதைத் தொகுதிக்காக 1973-இல் மாக்ஸீனுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. மறு வருஷமே அவருடைய உயிர்த்தோழியும் கவிஞருமாகிய ஆன் செக்ஸ்டன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். புகழும் துக்கமும் இப்படி அடுத்தடுத்து வந்துபோன பின்னர், 1976-இல், ஐம்பது வயதை எட்டிய பருவத்தில்தான், தம்பதிகள் இருவரும் நகர வாசத்தை முடித்துக்கொண்டு குதிரைகளோடு வாழ்வதற்கென்றே அந்த மலைப்பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். 'கவிதை வியாபாரம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கிப் 'போபிஸ் பண்ணை' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

கனவு கைகூடிற்று, இனி மறுநாட் காலை.

குதிரையைச் சித்திரத்திலும் தேர்த்தட்டிலும் அய்யனார் கோயில் வாசலிலும் மட்டுமே கண்டவர்களுக்கு அது வேகத்தின் உருவம். அதைக் கட்டி வளர்ப்பவர்களுக்கோ அது முதலில் ஒரு வயிறு. நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை அதற்கு உலர்ந்த தீனி வேண்டும். 500 கிலோ எடையுள்ள குதிரையென்றால் 7.5 முதல் 10 கிலோ உலர்ந்த புல்லும், 25 லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் ஆயிற்று. இவ்வளவு பெரிய உடலுக்கு அதன் இரைப்பை மிகச் சிறியது. மாட்டைப்போல் நிறையத் தின்றுவிட்டுப் பிறகு அசைபோட அதற்குத் தெரியாது. ஒவ்வாததைத் தின்றுவிட்டால் வாந்தியெடுக்கவும் இயலாது. ஆகையால் கொஞ்சங் கொஞ்சமாக நாள் முழுவதும் அது மேய்ந்துகொண்டே இருக்கவேண்டும். தீனி தவறினாலோ திடீரென்று மாறினாலோ வயிற்றில் சூலை கண்டு, ஓர் இரவுக்குள் உயிரே போய்விடக்கூடும். ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கியாக வேண்டும். இருபது கிலோவுக்குக் குறையாத இலத்தியை நாள்தோறும் லாயத்திலிருந்து அள்ளியாக வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரின் தை மாசி மாதங்களில் தண்ணீர்த் தொட்டி இரவோடு இரவாக உறைந்து கிடக்கும். விடியுமுன் எழுந்து போய் அந்தப் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீருக்கு வழிசெய்தாக வேண்டும். உடம்புக்கு முடியவில்லை, ஊருக்குப் போகவேண்டும், துக்கம் நேர்ந்துவிட்டது என்ற காரணங்கள் எவையும் குதிரைக்கு விளங்கா.

கனவு காணும்போது மனிதன் புல்வெளியையும் பிடரி மயிர் காற்றில் பறப்பதையும் காண்கிறான்; மண்வெட்டியையும் கூடையையும் அவன் காண்பதில்லை. கனவு கையில் வந்ததும் முதலில் வந்து சேருவது மண்வெட்டியே. இதை ஏமாற்றம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. அப்பர் பெருமான் கையில் நாம் காண்பதும் உழவாரம் என்னும் புற்செதுக்கும் கருவிதானே! திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்குவதையும், தேவாரம் பாடுவதையும் அவர் வெவ்வேறு காரியமாகக் கருதியிருந்தால், நம் சிற்பிகள் அந்தக் கருவியை அவர் தோளிலிருந்து எப்போதோ இறக்கி வைத்திருப்பார்கள். இலத்தி அள்ளும் வேலையையே பொருளாகக் கொண்டு மாக்ஸீன் கியூமின் ஒரு கவிதை எழுதியிருக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு அப்பருடைய உழவாரம்தான் நினைவுக்கு வந்தது.

இந்தத் தம்பதிகளைப் பற்றி, எனக்கு வேதாந்த பாடம் சொல்லிவைத்த பெரியவர் ஒருவரிடம் ஒரு சமயம் விவரமாகச் சொன்னேன். தலை நரைத்து, பேரப்பிள்ளை முகம் கண்ட கிருகஸ்தன், மனைவியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டோ அவளையும் உடன் அழைத்துக்கொண்டோ வனம் செல்லலாம் என்று மனு விதித்திருப்பதையும், இல்வாழ்க்கை முதிர்ந்த காலத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்தே மேலான ஒன்றை நோக்கிப் பழகவேண்டும் என்று தொல்காப்பியர் கற்பியலில் காட்டும் கருத்தையும் எடுத்துக்காட்டி, இவர்கள் செய்ததும் ஒருவகை வானப்பிரஸ்தம் ஆகாதா என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, "காட்டுக்குப் போயும் தொழுவம் கட்டிக்கொள்கிறவன் வீட்டைவிட்டு எங்கேயப்பா போனான்? ஜடபரதர் கதையை மறந்துவிட்டாயா?" என்றார்.

மறக்கவில்லை. நம் புராணங்களில் என்னை மிகவும் வருத்திய கதை அதுதான்.

பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் அது வருகிறது. ரிஷபதேவரின் குமாரனும், இந்தத் தேசத்துக்குப் பாரத வர்ஷம் என்ற பெயர் வரக் காரணமானவனுமாகிய பரதன், ராஜ்யத்தையும் மனைவி மக்களையும் துறந்து, கண்டகி நதிக்கரையில் புலகருடைய ஆசிரமத்தை அடைந்து தனியே தவத்தில் அமர்ந்திருக்கிறான். ஒரு நாள் நிறைசூலியான பெண்மான் ஒன்று ஆற்றில் நீர் குடிக்கையில் அருகே சிங்கம் கர்ஜிக்கிறது. பயந்து அது ஆற்றைத் தாண்டிக் குதிக்க, குதித்த வேகத்தில் கருவிலிருந்த குட்டி நழுவி வெள்ளத்தில் விழுந்துவிட, தாய் அக்கரை சேர்ந்ததும் உயிர் விடுகிறது. மிதந்து வந்த குட்டியைப் பரதன் எடுத்து வளர்க்கிறான். புல் தேடிக் கொடுக்கிறான். ஓநாய்க்கு அஞ்சிக் காவல் இருக்கிறான். வழி நடக்கையில் தோளில் தூக்கிக்கொள்கிறான். பூஜையின் நடுவே எழுந்துபோய் அது இருக்கிறதா என்று பார்த்துவருகிறான். அனுஷ்டானங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. முடிவில் உயிர் பிரியும் தறுவாயிலும் அவன் நினைவு மான்மேலேயே நின்றதால், அடுத்த ஜன்மத்தில் மானாகவே பிறக்கிறான்.

சிறு வயதில் இந்தக் கதையை முதல் முதலாகக் கேட்ட இரவில், அந்தக் குட்டியை வெள்ளத்திலேயே விட்டிருக்க வேண்டுமா என்று என் பாட்டியைக் கேட்டு அழுதது நினைவிருக்கிறது. அவள் பதில் சொல்லவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தாள். அந்தப் பதிலை நான் நூலிலேயே தேடிக் கண்டுகொள்ள வெகு காலம் ஆயிற்று. மூலத்தைப் படித்தால், பரதன் முதலில் நினைப்பது என்ன தெரியுமா? இந்தக் குட்டிக்கு என்னைத் தவிர வேறு கதியில்லை, அடைக்கலமாக வந்ததை உபேட்சிப்பது தோஷம் என்பதுதான். பாகவதம் அந்த நினைப்பைக் கண்டிக்கவேயில்லை. தொடக்கத்தில் மான் அடைக்கலம். நாளாக நாளாக அது உடைமை ஆகிவிடுகிறது. எந்தத் தினத்தில், எந்த நாழிகையில் அந்த மாற்றம் நிகழ்ந்தது என்று நூல் கோடு கிழித்துக் காட்டவில்லை; எந்த மனிதனுக்கும் அந்தக் கோடு தெரிவதில்லை என்பதனாலேயே காட்டவில்லை போலும். ஆனால், மான் சிறிது நேரம் கண்ணில் படாதபோது அவன் புலம்பும் புலம்பலைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று புலனாகும். மானுக்கு என்ன நேர்ந்ததோ என்ற பயம் பாதிதான். அதன் விளையாட்டைக் காணாமல் தனக்கு என்ன ஆகப்போகிறதோ என்ற பயம் மற்றப் பாதி. மானுக்கு வேண்டியிருந்தது மான் கூட்டம். பரதனுக்கு வேண்டியிருந்தது மான். எல்லாவற்றையும் துறந்து வந்த ஏகாந்தத்தில் ஏற்பட்ட வெற்றிடத்தை அந்தச் சிறு பிராணியைக்கொண்டு அடைத்துக்கொண்டான். அவன் இழுக்கு அன்பில் இல்லை. அன்பு தன் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டதில் இருக்கிறது.

குதிரை இந்த விஷயத்தில் மனிதனுக்கு ஓர் உபகாரம் செய்கிறது. அதைத் தனியே வைத்து வளர்க்கக் கூடாது. வளர்த்தால் ஏங்கி இளைக்கும். அது கூட்டத்துப் பிராணி. நின்றபடியே கண்ணயரக்கூடியதாயினும், ஆழ்ந்த உறக்கத்துக்கு அது தரையில் படுத்தே ஆகவேண்டும். சுற்றிலும் அபாயமில்லை என்று நிச்சயப்பட்டாலொழியப் படுக்காது. கூட்டமாக இருக்கையில் மற்றவை படுத்திருக்க ஒன்று எழுந்து நின்று காவல் காப்பதைப் பார்க்கலாம். தன்னை வளர்ப்பவனிடம் எவ்வளவுதான் பழகினாலும், ஒரு குதிரைக்கு இன்னொரு குதிரை தரும் நிம்மதியை மனிதன் தந்துவிட முடியாது. ஒரு குதிரை வேண்டுமென்று போனவன் இரண்டு குதிரைகளோடு திரும்பவேண்டியிருப்பது இதனால்தான். வேலியருகே அவன் நிற்க, அவை ஒன்றன் கழுத்தை ஒன்று பல்லால் வருடிக்கொண்டு நிற்கும் காட்சியில் அவனுக்கு இடமில்லை. தீனியும் தண்ணீரும் காவலும் அவன் பொறுப்பு. அவற்றின் வாழ்வு அவற்றினுடையது. பரதனுக்கு இப்படியொரு பாடம் அந்த ஆற்றங்கரையில் கிடைத்திருந்தால்!

அடகுக்கடைக்காரரின் மகள் என்று மாக்ஸீனைப் பற்றிச் சொன்னேன். அடகுக்கடையின் அலமாரியை ஒரு கணம் நினைத்துப் பார்க்கவேண்டும். கடிகாரமும் சங்கிலியும் வயலினுமாகப் பொருள்கள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. சீட்டில் வேறொருவர் பெயர். கடைக்காரர் அவற்றைத் துடைத்து வைக்கிறார், பூட்டிக் காக்கிறார், களவு போனால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்; எடுத்து அணிந்துகொள்ள மட்டும் அவருக்கு உரிமையில்லை. தகப்பனார் தொழிலிலிருந்து மகள் இந்தத் தத்துவத்தைக் கற்றார் என்று நான் சொல்லவரவில்லை. வைத்திருத்தல் வேறு, உடையவனாயிருத்தல் வேறு என்ற பேதம் என் மனத்தில் தெளிவாகத் தைத்தது அந்த அலமாரியை நினைத்தபோதுதான் என்கிறேன்.

இந்தப் பேதத்தைத் தமிழர் ஒரு காலத்தில் உயிரினும் மேலாக மதித்தார்கள். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். ஒரு நாளில் எல்லாம் முடிந்துபோகிறது. கோவலன் கொலையுண்டான், மதுரை எரிந்தது. இவற்றில் எதற்கும் மாதரி பொறுப்பாளியல்லள். ஆயினும் அடைக்கலத்தை இழந்தேனே என்று தீயில் புகுந்து உயிர் விடுகிறாள். தன் சொத்தை இழந்தவள் அழுது தேறியிருப்பாள்; பிறருடையதை ஏற்றுக் காத்தவளுக்குத் தேறுதல் இல்லை. உடைமை என்று எண்ணும்போது பற்று மிகும், அடைக்கலம் என்று எண்ணும்போது பற்றுக் குறையும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறவர்கள் மாதரியை நினைத்துக்கொள்ளட்டும்.

மாக்ஸீன் பிறந்த யூத மரபில், வளர்ப்புப் பிராணிக்குத் தீனி வைக்காமல் மனிதன் உண்ணலாகாது என்று தால்முதில் ஒரு விதி இருக்கிறது. உபாகமம் என்னும் வேதப் பகுதியில், கால்நடைகளுக்குப் புல் தருவது முதலிலும் மனிதன் உண்டு திருப்தியடைவது பின்னாலும் சொல்லப்பட்டிருக்கும் முறையை வைத்தே பண்டைய ரபிகள் இந்த விதியைக் கண்டார்கள். சொற்கள் நின்ற வரிசையிலிருந்தே ஒரு தர்மத்தை எடுத்த அந்தச் சிரத்தையை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது. கும்பகோணத்தில் எங்கள் தெருக்கோடியில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்த பாய் ஒருவருக்குத் தால்முதும் தெரியாது, உபாகமமும் தெரியாது. இரவு கடைசி ரயிலுக்குப் போய்த் திரும்பியதும், வண்டியை அவிழ்த்து, குதிரையின் முதுகைச் சாக்குத் துணியால் தேய்த்துவிட்டு, ஊறிய கொள்ளை அதன் முன் வைத்து, அது வாய் வைத்த பிறகுதான் அவர் தம் வீட்டுத் திண்ணையில் தட்டின் முன் உட்காருவார். அதன் வயிறு காய்ந்திருக்கத் தமக்குச் சோறு இறங்காது என்பார். குருக்ஷேத்திரத்திலும் பதினான்காம் நாள் நடுப்பகலில், பார்த்தனுடைய தேர்க்குதிரைகள் களைத்துப்போக, பகைவர் சூழ்ந்திருக்கும்போதே கண்ணன் அவற்றை நுகத்தினின்று அவிழ்த்து, உடம்பில் தைத்த அம்புகளைப் பிடுங்கி, கையால் தேய்த்துவிட்டு, நீர் காட்டினான் என்று துரோண பர்வம் சொல்லுகிறது. பொழுது சாய்வதற்குள் சபதம் முடியவேண்டிய நாள் அது. ஒவ்வொரு நொடியும் விலைமதிப்பற்றது. அவன் அதைக் குதிரைகளுக்குக் கொடுத்தான்.

வார்னரில் நடந்த ஒன்றையும் சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் என் விசாரம் நேர்மையுடையதாகாது. 1998-ஆம் ஆண்டு கோடையில், எழுபத்துமூன்று வயதில், மாக்ஸீன் வண்டியோட்டிக்கொண்டிருக்கையில் குதிரை மிரண்டு ஓடிற்று. அவருடைய கழுத்தெலும்பு முறிந்தது. அத்தகைய முறிவில் பிழைப்பதே அரிது. கழுத்து அசையாதிருக்கும்பொருட்டு மண்டையோட்டிலேயே திருகுகளால் பொருத்தப்படும் உலோக வளையம் ஒன்றில் அவர் மாதக்கணக்காகச் சிறையிருந்தார். அந்த வளையத்துக்கு ஆங்கில வைத்தியர் வழங்கும் பெயர், ஞானிகளின் தலையைச் சுற்றி ஓவியர் தீட்டும் ஒளிவட்டத்தின் பெயரேயாகும். மெல்ல மெல்ல மீண்டு எழுந்து, நடந்து, அந்த அனுபவத்தை 2000-இல் ஒரு நூலாகவும் எழுதினார்.

என் ஆசிரியர் இருந்து இதைக் கேட்டிருந்தால், பார்த்தாயா, மானைப் பற்றியவனுக்கு மான் ஜன்மம், குதிரையைப் பற்றியவளுக்குக் குதிரையாலேயே வினை என்று சொல்லியிருப்பார். அவர் வாக்கை நான் அலட்சியம் செய்கிறவன் அல்லேன். ஆனால், விரும்பியது நம்மை வருத்தாது என்ற எண்ணத்தோடு விரும்புகிறவனுக்கே அது தண்டனையாகத் தோன்றும். குதிரை இரையாகும் இனத்தில் பிறந்தது. மிரளுவது அதன் ரட்சை. மிரளாத குதிரைகளின் வம்சம் புலிக்கும் ஓநாய்க்கும் இரையாகி எப்போதோ அற்றுப்போயிருக்கும். குதிரையோடு வாழச் சம்மதித்தவர் அதன் பயத்தோடும் வாழச் சம்மதித்தவரே. தம்பதிகள் பண்ணையை விட்டுப் போய்விடவில்லை. அந்த மலைப்பக்கத்து வீட்டிலேயே 2014 பிப்ரவரியில், எண்பத்தெட்டாம் வயதில், மாக்ஸீன் காலமானார். நிரந்தரமாகக் குடியேறி முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

ஜடபரதர் கதை மானோடு முடிந்துவிடுவதில்லை என்பதை என் ஆசிரியரிடம் அன்று சொல்ல எனக்குத் துணிவில்லை, இப்போது சொல்லலாம். மான் பிறவி நீங்கி, அவர் அந்தணர் குலத்தில் பிறக்கிறார். பழைய ஞாபகம் முழுவதும் இருக்கிறது. மறுபடியும் எதிலும் சிக்கிவிடக்கூடாது என்று ஜடம்போல் திரிகிறார். ஒரு சமயம், சிந்து சௌவீர நாட்டு அரசன் ரகூகணன் பல்லக்கில் போகையில், ஆள் குறைகிறதென்று சேவகர்கள் அவரைப் பிடித்துவந்து பல்லக்குச் சுமக்க வைக்கிறார்கள். முற்றத் துறந்தவர்; பிரம்மத்தை உணர்ந்தவர்; இதுவே கடைசிப் பிறவி. அப்படிப்பட்டவர் எப்படி நடக்கிறார்? முன்னால் ஓர் அம்பு நீளத்துக்குத் தரையைப் பார்த்து, ஊர்ந்து போகும் உயிர் எதுவும் காலடியில் நசுங்கிவிடாதபடி, நின்றும் விலகியும் அடி வைக்கிறார். நதிக்கரையில் ஒரு மான்குட்டிமேல் வைத்திருந்த அந்தக் கவனம் அவரை விட்டுப் போகவில்லை. மண்ணில் ஊரும் பெயரில்லாத பூச்சிவரைக்கும் அது பரந்திருக்கிறது. மற்றவர்கள் ஒரே சீராக நடக்க, அவர் நடை மட்டும் அவர்களோடு பொருந்தவில்லை. பல்லக்கு ஏன் இப்படிக் குலுங்குகிறது என்று அரசன் உள்ளிருந்து கேட்டான்.